போனில் சொன்ன ஊசி

1

டாக்டர் தம்பி, நீ பொய் சொன்னாய். பார்வதி அக்காவுக்கு அந்த ஊசியைப் போடச் சொன்னது நீ. பிறகு விசாரணையில், "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்றதும் நீ. அந்த ஒரு பொய்யால் உன் தொழில் தப்பியது. என் தங்கச்சி செல்வியின் தாதியர் பதிவு போய்விட்டது.

உன் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் வழக்கு வரும் என்று பத்திரிகைக்காரர்கள் பயப்படுகிறார்கள். பரவாயில்லை. தெமோதரையிலிருந்து ஹாலிஎல வரைக்கும் உள்ள தோட்டங்களில் இதை வாசிக்கிறவர்களுக்கு நீ யார் என்று தெரியும். எங்கள் தோட்டத்திலிருந்து டாக்டருக்குப் படித்தவன் நீ ஒருவன்தான்.

மற்றவர்களுக்கு நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். லண்டனுக்குத் தெற்கே கிராய்டனில் பஸ் ஓட்டுகிறேன். இலங்கையில் பதுளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில் பிறந்தவன். கட்டாருக்கு லொறி ஓட்டப் போய், அங்கிருந்து எப்படியோ இங்கே வந்து சேர்ந்தவன். எழுதிப் பழக்கமில்லை. எழுத வைத்தது போன மாதம் நடந்த ஒரு கூட்டம்.

இங்கே மலையகத்து ஆட்கள் கொஞ்சப் பேர்தான். வருசத்துக்கு ஒரு தடவை ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை எடுத்து ஒன்று கூடுவோம். வடை சுடுவோம், பிள்ளைகள் ஆடுவார்கள், யாராவது ஒருவருக்குப் பொன்னாடை போர்த்துவோம். இந்தத் தடவை சிறப்பு விருந்தினர் இந்த டாக்டர். இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்கு வந்துவிட்டான் என்று எனக்குத் தெரியும். ஆனால் மேடையில் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

மைக்கைப் பிடித்து என்ன பேசினான் தெரியுமா? மலையகத்துப் பெண் பிள்ளைகள் தாதியர் தொழிலுக்கு வர வேண்டுமாம். இந்த நாட்டில் அவர்களுக்கு வேலை காத்துக் கிடக்கிறதாம். வழி காட்ட அவன் தயாராம். எல்லோரும் கை தட்டினார்கள். என் பக்கத்தில் இருந்தவரும் தட்டினார். அவருக்கு ஒன்றும் தெரியாது, பாவம்.

சாப்பாட்டு மேசைப் பக்கம் வந்தபோது போய் எதிரில் நின்றேன். அடையாளம் தெரிந்துகொண்டான்.

"அட, அண்ணே! சுகமா இருக்கீங்களா? எங்க வேல?"

"பஸ் ஓட்டுறேன்."

"நல்லது, நல்லது. பெரியப்பா எப்படி இருக்காரு?"

"அப்பாவா? ஒன்னத்தான் கேட்டுக்கிட்டு இருக்காரு."

கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தான். சுற்றிப் பார்த்தான்.

"அது முடிஞ்ச கதைண்ணே. இங்க வச்சுப் பேச வேணாம். புள்ளைங்க எல்லாம் நிக்கிறாங்க."

"எங்க வச்சுப் பேசலாம்னு சொல்லு. அங்க வாறேன்."

"நானே ஒங்களுக்குக் கோல் எடுக்கிறேன்."

சொல்லிவிட்டுப் போட்டோ எடுக்கப் போய்விட்டான். என் நம்பரை அவன் வாங்கவே இல்லை.

2

வீட்டுக்குக் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். என் மனைவி சுகந்தி யாழ்ப்பாணத்துக்காரி. அவளுக்கு எல்லாக் கதையும் தெரியும்.

"அவர்தானே அந்த டொக்டர்?" என்றாள்.

"ம்."

"நல்ல வடிவாத்தான் கதைக்கிறார்."

பின்சீட்டில் இருந்த மகள் அபி காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினாள். பதினாறு வயது. வீட்டில் யாராவது சண்டை போடும்போது மட்டும் எங்கள் பேச்சு அவளுக்குக் கேட்கும். எந்த டாக்டர் என்று கேட்டாள். சொன்னேன். இதுவரைக்கும் அவளிடம் சொன்னதில்லை. அவளுக்கு என் தங்கச்சி என்றால் வாட்ஸ்அப்பில் சிரிக்கிற ஒரு முகம், அவ்வளவுதான். 'அத்தை' என்று கூப்பிடுவாள். தாய் வழியில் அதற்கு 'மாமி' என்பார்கள். அவள் பேசுகிற கொஞ்சத் தமிழும் தாயுடைய தமிழ். என் தமிழில் அவளிடம் ஒட்டியிருப்பது அந்த ஒரு சொல்தான்.

முழுவதும் கேட்டுவிட்டு அபி கேட்டாள்: "அப்ப அத்தை ஏன் அவரிட்ட எழுதித் தாங்கோ எண்டு கேக்கேல்லை?"

"எங்க ஊர்ல அப்படிக் கேக்க மாட்டாங்க."

"ஏன்?"

"மாட்டாங்க. அவ்வளவுதான்."

"சரி, பிறகாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்தானே? பொய் சொன்னது அத்தைதானே முதல்ல?"

எனக்குக் கோபம் வந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு உன் வேலையைப் பார் என்று கத்தினேன். சுகந்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"பிள்ளை கேக்கிறதிலை என்னப்பா பிழை? நானும் இத்தனை வருசமா அதைத்தான் யோசிக்கிறன்."

பிழை ஒன்றும் இல்லை. அபி பிறந்த ஊரில் அது சரியான கேள்வி. என் பஸ்ஸில் கண்ட்ரோல் ரூமிலிருந்து ரேடியோவில் பேசுவார்கள். இந்த ஸ்டாப்பில் நிற்காதே, அந்த வழியாகத் திரும்பிப் போ என்பார்கள். அவர்கள் சொல்வது எல்லாம் பதிவாகிறது. நாளைக்கு ஒரு பயணி புகார் கொடுத்தால் குரலைப் போட்டுக் கேட்பார்கள். சொன்னவன் சொல்லவில்லை என்று சொல்ல முடியாது. லைசன்ஸ் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். என் வீட்டு அடுப்பு அதில்தான் எரிகிறது. அதனால்தான் செல்விக்கு எது போனது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் அபி கேட்ட 'ஏன்' என்ற கேள்விக்கு அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இங்கிலீஷும் வரவில்லை, தமிழும் வரவில்லை. அவளுக்குச் சொல்ல முடியாததை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

3

செல்வி பதுளை டவுனில் ஒரு தனியார் வைத்தியசாலையில் நர்ஸாக இருந்தாள். எங்கள் லயத்து வரிசையில் முதல் நர்ஸ். வெள்ளை உடுப்போடு பஸ்ஸை விட்டு இறங்கி வந்தால் கொழுந்து எடுத்துவிட்டு வருகிற பெண்கள் வழி விடுவார்கள். "மிஸ்ஸி வருது, மிஸ்ஸி வருது" என்று சின்னப் பிள்ளைகள் பின்னால் ஓடும். நர்ஸை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். இரவு பகல் இல்லாமல் யாருக்காவது காய்ச்சல், யாருக்காவது பிரசவ வலி என்று கதவைத் தட்டுவார்கள். முகம் சுளிக்க மாட்டாள்.

டாக்டரும் அங்கேதான் நோயாளிகளைப் பார்த்தான். பண்டாரவளையிலும் அவனுக்கு ஒரு கிளினிக் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஓடிக்கொண்டே இருப்பான். ஓடுகிற இடத்திலிருந்து போனில் சொல்வான்: இந்த மருந்தைக் கொடு, அந்த ஊசியைப் போடு, நான் வந்து கையெழுத்துப் போடுகிறேன். நர்ஸ்மார் செய்வார்கள். வந்ததும் அவன் கையெழுத்துப் போடுவான். எல்லா நாளும் அப்படித்தான் நடந்தது. யாரும் அதைத் தப்பு என்று நினைக்கவில்லை.

பார்வதி அக்கா ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டம். மழையில் கொழுந்துக் கூடையோடு வழுக்கித் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்து காலைக் கிழித்துக்கொண்டவர். புண் சீழ் பிடித்து, கால் வீங்கி, காய்ச்சலோடு வந்து படுத்தார். தமிழ் பேசுகிற நர்ஸைக் கண்டதும் அவருக்குப் பாதி நோய் போய்விட்டதாம். செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னதை செல்வி எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறாள்.

"ஒன்னு சொல்லிடுறேன் புள்ள. எனக்கு ஒரு ஊசி மருந்து ஆகாது. தோட்டத்து டிஸ்பென்சரியில ஒருக்கா போட்டு ஒடம்பெல்லாம் தடிச்சு மூச்சு முட்டிருச்சு. அதை மட்டும் போட்டுறாத." மருந்தின் பெயரையும் தனக்குத் தெரிந்த மாதிரி சொன்னாராம்.

மறுநாள் மத்தியானம் காய்ச்சல் ஏறியது. டாக்டர் பண்டாரவளையில். செல்வி அவனுக்குப் போன் எடுத்தாள். அவன் ஒரு மருந்தின் பெயரைச் சொல்லி ஊசி போடச் சொன்னான். பார்வதி அக்கா ஆகாது என்று சொன்ன மருந்தின் இனம்தான் அது.

"டாக்டர், அது அவங்களுக்கு ஒத்துக்காதுன்னு சொல்றாங்க. முன்ன போட்டு மூச்சு முட்டியிருக்காம்."

"தோட்டத்து ஆளுங்க எல்லா ஊசிக்கும் அப்படித்தான் சொல்வாங்க. ஒனக்குத் தெரியாதா? நாமளும் அங்க இருந்துதானே வந்தோம்."

"இல்ல டாக்டர், அவங்க நல்லா வெவரமா..."

"செல்வி, நான் சொல்றேன்ல. போடு."

போட்டாள்.

மருந்து உள்ளே போன கொஞ்ச நேரத்தில் பார்வதி அக்காவின் முகம் வீங்கியது. தொண்டை அடைத்தது. அதற்கு மாற்று ஊசி எதுவோ அதையும் செல்வி உடனே போட்டாள், ஒக்சிஜன் வைத்தாள், நெஞ்சை அமுக்கினாள், கத்தினாள். பண்டாரவளையிலிருந்து டாக்டரின் கார் வந்து சேர்ந்தபோது முகத்தைத் துணியால் மூடியாகிவிட்டது.

அன்றைக்கு அவன் எதிலும் கையெழுத்துப் போடவில்லை.

என் தங்கச்சி என்பதற்காக ஒன்றையும் மறைக்க மாட்டேன். ஆகாது என்று நோயாளி சொன்ன மருந்தை எந்தக் கொம்பன் சொன்னாலும் போடக் கூடாது. படிக்கப் போன முதல் வருசமே அதைச் சொல்லித் தருகிறார்களாம். செல்விக்குத் தெரியும். தெரிந்தும் போட்டாள். ஒரு பெண் செத்துப்போனார். பதிவை எடுத்தது அநியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. தண்டனையில் பாதியை மட்டும் கொடுத்துவிட்டு மீதியை விட்டுவிட்டார்கள் என்றுதான் சொல்கிறேன்.

4

மூன்றாம் நாள் டாக்டர் எங்கள் லயத்துக்கு வந்தான். ரோட்டில் காரை நிறுத்திவிட்டுப் படிக்கட்டு இறங்கி நடந்து வந்தான். அவன் டாக்டராகி வந்த வருசம் கோயில் முன்னால் மாலை போட்டது எங்கள் அப்பாதான். எங்கள் வீட்டுக் காம்பிராவுக்குள் வந்து பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து டீ வாங்கிக் குடித்தான். அப்பா நின்றுகொண்டே இருந்தார். செல்வி அடுப்படியில் நின்றாள்.

"பெரியப்பா, என் பேரு இதுல வந்தா என் கதை முடிஞ்சுது. டாக்டருக்கு ஒருக்கா பேரு கெட்டா அவ்வளவுதான். செல்விக்கு அப்படி இல்ல. மிஞ்சிப் போனா ஒரு எச்சரிக்கை குடுப்பாங்க. 'அவசரத்துல நானா போட்டுட்டேன்'னு சொல்லட்டும். மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறேன்."

"நீங்க பாத்துக்குவீங்கன்னு எனக்குத் தெரியும் தம்பி" என்று அப்பா சொன்னாராம்.

செல்வி வெளியே வந்தாள். "நான் ஒங்ககிட்ட சொன்னேன்ல டாக்டர், ஆகாதுன்னு?"

"சொன்னே தங்கச்சி. யாரு இல்லேங்கிறா? ஆனா இப்ப அதைச் சொல்லி என்ன ஆகப்போகுது? ரெண்டு பேரும் சேந்து விழணுமா?"

பார்த்தீர்களா? எங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து ஒத்துக்கொண்டான். அப்பா இருந்தார், செல்வி இருந்தாள். வேறு யாரும் இல்லை.

அவன் போன பிறகு செல்வி அழுதாள். அப்பா சொன்னது இது:

"நம்ம புள்ளைய நாமளே காட்டிக் குடுக்கலாமா? பெரிய எடத்துல இருக்கிறவங்க வாயால சொல்றத நம்ம தலையில தாங்கினா, அவங்க நம்மள விட மாட்டாங்க. பேசாம இரு."

அபி, உன் 'ஏன்'னுக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. உன் தாத்தாவைத் திட்டுவதற்கு முன்னால் இதையும் கேட்டுக்கொள்.

அப்பா கங்காணியாக இருந்தவர். காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, யார் எந்த மலைக்குப் போவது என்று தோட்டத்தை நடத்துகிற துரை சொல்வார். கங்காணி கேட்டு, ஆட்களை ஓட்டிக்கொண்டு போவார். எல்லாம் வாய்ச்சொல். துரை சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்டாலே திமிர் பிடித்தவன் என்பார்கள். எழுதித் தாருங்கள் என்று கேட்டால் அன்றைக்கே வேலை போகும்.

அப்பா வாலிபராக இருந்தபோது ஒருநாள் துரை தவறான மலையைச் சொல்லிவிட்டார். நல்ல கொழுந்து நிற்கிற மலை. அதைக் கவ்வாத்து வெட்டச் சொன்னார். செடியை இடுப்பளவுக்கு வெட்டிவிட்டால் பிறகு மாதக்கணக்கில் அங்கே ஒரு கொழுந்து கிடைக்காது. அப்பாவுக்குத் தெரியும், இது வெட்டுகிற மலை இல்லை என்று. ஆனாலும் துரை சொன்னார், வெட்டினார்கள். கம்பெனியிலிருந்து பெரியவர் வந்து பார்த்துக் குதித்தார். துரை அப்பாவைப் பார்த்தார். அப்பா, "நான்தான்யா மாத்தி வெளங்கிட்டேன்" என்றார். அத்தனை பேர் முன்னால் கெட்ட வார்த்தை வாங்கினார். கொஞ்ச நாள் வேலை இல்லாமல் இருந்தார். பிறகு அதே துரை கூப்பிட்டு அவரைப் பெரிய கங்காணி ஆக்கினார்.

அப்பாவின் வாழ்க்கையில் நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான். அதிலிருந்து அவர் கற்றுக்கொண்டதை மகளுக்குக் கொடுத்தார். கெடுதல் நினைத்துக் கொடுக்கவில்லை. துரை மாதிரித்தான் டாக்டரும் என்று நம்பினார்.

துரை பரவாயில்லை. துரை பாதியாவது திருப்பிக் கொடுத்தார்.

5

விசாரணையில் செல்வி சொல்லிக் கொடுத்தபடி சொன்னாள். நானாகத்தான் போட்டேன் என்றாள். டாக்டர் போன் வந்ததை மறைக்கவில்லை, அவன் கெட்டிக்காரன். "ஆமாம், எனக்குப் போன் எடுத்தார். நான் வரும் வரைக்கும் எந்த மருந்தும் கொடுக்க வேண்டாம் என்றுதான் சொன்னேன்" என்றான். செல்வி அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அந்த நிமிசம்தான் தன்னை விற்றுவிட்டார்கள் என்று அவளுக்கு விளங்கியது. அப்போதும் வாய் திறக்கவில்லை. அப்பா சொன்னது காதில் கேட்டுக்கொண்டிருந்ததாம்.

எச்சரிக்கை வரவில்லை. பதிவை நீக்கிவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் செல்வி உண்மையைச் சொன்னாள். எழுதினாள், நேரில் போனாள், அழுதாள். அவர்கள் கேட்டது ஒன்றுதான்: முதலில் சொன்னது பொய்யா, இப்போது சொல்வது பொய்யா? இரண்டில் ஒன்று பொய் என்றால், விசாரணையில் பொய் சொன்ன நர்ஸை எப்படித் திரும்ப எடுப்பது? மருந்து விசயத்தில் செய்த தப்பு ஒன்று. நேர்மை இல்லை என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் பெரிதாம். திரும்பி வருகிற கதவையும் அதுவே சாத்திவிட்டது.

நான் இங்கிருந்து கொழும்பில் தாதியரைப் பதிவு செய்கிற ஆபீஸுக்குப் போன் அடித்தேன். லீவு நாள் பார்த்து, அங்கே ஆபீஸ் திறக்கிற நேரத்துக்கு இங்கே விழித்திருந்து அடிப்பேன். ஒருவர் இன்னொருவருக்குக் கொடுப்பார், அவர் வேறொருவருக்கு. என் சிங்களம் துருப் பிடித்துவிட்டது. பதுளை பஸ் ஸ்டாண்டில் சண்டை போடுகிற அளவுக்குப் பேசினவன் நான். இப்போது சொல் தேடினால் இங்கிலீஷ் வருகிறது, இங்கிலீஷ் தேடினால் அரபி வருகிறது. அந்தப் பக்கத்து அம்மா பொறுமையாகத்தான் கேட்டார். கடைசியில், "ஏக்க இவரய் மாத்தயா" என்றார். அது முடிந்துவிட்டது, ஐயா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

இங்கே டாக்டர்களைப் பதிவு செய்கிற இடத்துக்கும் எழுதினேன். சுகந்திதான் இங்கிலீஷைத் திருத்தித் தந்தாள். ஆதாரம் என்ன இருக்கிறது என்று மரியாதையாகக் கேட்டார்கள். என்ன இருக்கிறது? ஒரு போன் பேச்சு. பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து குடித்த ஒரு டீ.

6

போன சித்திரைக்கு ஊருக்குப் போனேன். செல்வி இப்போது பண்டாரவளையில் ஒரு மரக்கறி மொத்தக் கடையில் லீக்ஸும் கோவாவும் சுத்தம் பண்ணி மூட்டை கட்டுகிறாள். விடிவதற்கு முன்னால் போய், பொழுது சாய வருகிறாள். கையெல்லாம் வெடிப்பு. அவளுக்கு வந்த மாப்பிள்ளை வீட்டாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். "நல்லதாப் போச்சு, ஒரு சோறு மிச்சம்" என்று அவளே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் நின்ற நாளில் ஒருநாள், கடைசிக் காம்பிராவில் இருக்கிற ஜெயா ஓடி வந்தாள்.

"செல்வி, எங்க மாமியாருக்குத் தல சுத்துது. ஒரு எட்டு வந்து பிரஷர் பாரேன்."

"நான் பாக்கக் கூடாது ஜெயா. த்ரீவீல் கூப்பிட்டு டவுனுக்குக் கொண்டு போ."

"சும்மா பிரஷர்தானே? இங்க யாரு வந்து பாக்கப் போறா, போலீசா?"

"கூடாதுன்னா கூடாது. நின்னு பேசாம போ, நேரம் போகுது."

"வேல போச்சு, இந்த மிஸ்ஸி மிடுக்கு மட்டும் போகல பாரு!"

நான் போய் த்ரீவீல் பிடித்துக் கொடுத்தேன். அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, பின்னேரமே வந்துவிட்டார். ஆனால் த்ரீவீல் போகும் வரைக்கும் செல்வி கதவுக்குப் பின்னால் நின்றாள். அங்கே நின்றபடி வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்: "கால மேல தூக்கி வைங்க. தண்ணி குடுங்க. தனியா ஒக்கார வைக்காதீங்க." யாருக்குக் கேட்கும் அது?

அன்றைக்கு இரவு சாப்பிடும்போது, பார்வதி அக்கா வீட்டுக்குப் போக வேண்டும், தனியாகப் போகத் தைரியம் இல்லை, நீ வாறியா அண்ணே என்று கேட்டாள். மறுநாள் ஹாலிஎலவில் இறங்கி, தோட்டத்து ரோட்டில் நடந்தோம். பார்வதி அக்காவின் மகள் கோமதி வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். செல்வியைக் கண்டதும் எழும்பவில்லை.

"எதுக்கு வந்தீங்க?"

"உண்மையச் சொல்ல வந்தேன்."

செல்வி எல்லாவற்றையும் சொன்னாள். போன் எடுத்தது, அவன் சொன்னது, இவள் மறுத்தது, அவன் திரும்பச் சொன்னது. கோமதி துணியைப் பிழிந்துகொண்டே கேட்டாள்.

"எங்கம்மா ஒங்ககிட்ட தமிழ்லதானே சொன்னாங்க?"

"ஆமா."

"வெளங்குச்சா ஒங்களுக்கு?"

"வெளங்குச்சு."

"வெளங்கியுமா போட்டீங்க?"

"ஆமா, போட்டேன்" என்றாள் செல்வி. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கோமதி என்னைக் கையால் நிறுத்தினாள்.

"நீங்க இருங்கண்ணே. நான் அவங்களத்தான் கேக்கிறேன். டாக்டர்தான் சொன்னாருன்னு இப்ப சொல்றீங்க. அன்னைக்கி இல்லேன்னு சொன்னீங்க. நான் எதை நம்புறது? எங்கம்மாவ கொன்னது ஒரு ஆளா, ரெண்டு ஆளா? அதுகூட எனக்குத் தெரியக் கூடாதா?"

வந்த வழியே திரும்பி நடந்தோம். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு செல்வி சொன்னாள்: "அவ கேட்டது சரிதான்ணே. இனிமே நான் எத்தன தடவ சொன்னாலும் அது எடுபடாது. அவர் வாயால வரணும்."

7

அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பேசுவார். காது மந்தம், கத்த வேண்டும். சாப்பிட்டியா, பிள்ளை சுகமா, குளிரா என்று வரிசையாகக் கேட்பார். கடைசியில் குரலைத் தாழ்த்துவார், செல்விக்குக் கேட்காமல் இருக்க.

"டாக்டர் தம்பி அந்தப் பக்கந்தானே இருக்காரு? பாத்தியா?"

கூட்டம் முடிந்த மறுநாளும் கேட்டார். பார்த்தேன் என்றேன்.

"என்ன சொன்னாரு?"

முடிந்த கதை என்று சொன்னான் என்று என்னால் சொல்ல முடியவில்லை. கோல் எடுப்பதாகச் சொன்னார் என்றேன். அப்பாவின் குரல் எப்படி மாறியது தெரியுமா?

"பாத்தியா, நான் சொன்னேன்ல! அவருக்கு எவ்வளவு வேல இருக்கும், மறந்திருப்பாரு. நீ விடாத. மெதுவா ஞாபகப்படுத்து. கோவமாப் பேசிறாத, என்ன?"

போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஐம்பதை நெருங்குகிறவன். அழுகிற சத்தம் அபிக்குக் கேட்கக் கூடாது என்று தண்ணீரைத் திறந்துவிட்டேன். வெளியே வந்தபோது அவள் கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். அத்தையின் நம்பரைத் தாருங்கள், நான் பேச வேண்டும் என்றாள். என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. அரை மணி நேரம் பேசினாள்.

டாக்டர் தம்பி, இனி உன்னிடம்தான் பேசுகிறேன். அப்பா சொன்னபடி மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். மேடையை விட்டு நீ இறங்கும் வரைக்கும் காத்திருந்து கேட்டேன். இனிமேல் மெதுவாகக் கேட்க மாட்டேன்.

செல்விக்குப் பதிவு திரும்பக் கிடைக்கும் என்று நான் கனவு காணவில்லை. நீ உண்மையைச் சொன்னாலும் ஊசி போட்டது அவள் கைதான். அதை அவள் கோமதியின் முகத்துக்கு நேரே ஒத்துக்கொண்டாள். நீ அந்த வாசலுக்குப் போனதே இல்லை. பொய் சொன்ன நர்ஸ் என்று அவள் பெயரில் ஒரு கறை இருக்கிறது. அந்தக் கறை உனக்காக அவள் வாங்கிக்கொண்டது. அதையாவது எடு. நம் ஊர்ப் பிள்ளைகளைத் தாதியராக வரச் சொல்லி மைக்கில் கூப்பிடுகிறாயே, ஒருநாள் அவர்களில் ஒருத்தி உன் போனை எடுத்து, நீ சொன்ன ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். அவளுக்கும் இதைத் தெரிந்துகொள்ள உரிமை இருக்கிறது.

எனக்குக் கோல் எடுக்க வேண்டாம். ஆள் விட்டுச் சமாதானம் பேச வேண்டாம். இதே பத்திரிகையில், உன் பெயரை நீயே போட்டு, கோமதி வாசித்து விளங்கிக்கொள்கிற தமிழில் எழுது. அன்றைக்கு மத்தியானம் செல்வி உன்னிடம் "ஒத்துக்காதுன்னு சொல்றாங்க" என்று சொன்னாளா, இல்லையா? அதைக் கேட்ட பிறகும் நீ "போடு" என்று சொன்னாயா, இல்லையா?